கட்டிப்போட்டவர்களின் கதை

திரையில் ஒரு பெட்டி. நினைவகத்தில் ஒரு மதிப்பு. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். டேட்டா பைண்டிங் என்பது இவ்வளவுதான். இந்த அற்ப ஆசைக்காக மனிதகுலம் அறுபது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. இடையில் நிலாவுக்கே போய்த் திரும்பிவிட்டோம்.

கையால் எழுதினால் ஆகாதா என்றால், தாராளமாக ஆகும். மதிப்பை எடுத்துப் பெட்டியில் வைக்க ஒரு வரி, பெட்டியில் தட்டியதை எடுத்து மதிப்பில் வைக்க இன்னொரு வரி. நாற்பது பெட்டிக்கு எண்பது வரி. அதில் எழுபத்தொன்பதாவது வரியை எழுதும்போது யாராவது டீ குடிக்கக் கூப்பிடுவார்கள். மிச்சம் ஒரு வரியை வாடிக்கையாளர் கண்டுபிடித்துச் சொல்வார். ஆகவே புரோகிராமர்கள் இயந்திரத்திடம், “இரண்டையும் கட்டிவிட்டேன், இனிமேல் நீயே பார்த்துக்கொள்” என்று சொல்ல ஆசைப்பட்டார்கள். இயந்திரமும் சரி என்றது. பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் சொல்வாயா என்று மட்டும் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆதியில் ஐவன் சதர்லாண்ட் இருந்தார். 1963-ல் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்று ஒன்றை எழுதினார். லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 என்ற பூதத்தின் திரையில், ஒளிப்பேனாவால் கோடு போடலாம். இந்த இரண்டு கோடுகளும் இணையாக இருக்க வேண்டும் என்று ஆணையிட்டால், இயந்திரம் அப்படியே இருக்க வைக்கும். உலகமே அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனிதர் கோடுகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுக்கொண்டிருந்தார். தப்பான நிபந்தனை கொடுத்தால் படம் கோணலாகப் போகும். பார்த்தாலே தெரியும். நல்ல காலம் அது.

அடுத்து 1979. ஆப்பிள் 2 கணினிக்காக டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானாக மாறும். கணக்குப்பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர். இதைவிட ஒழுங்கான டேட்டா பைண்டிங் பிறகு வரவே இல்லை என்பது என் கட்சி. அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது: வரிசைக்கிரமமாகவோ பத்திவாரியாகவோதான் அது கணக்குப் போடும். கீழே இருக்கும் கட்டத்தை மேலே இருப்பது நம்பியிருந்தால், ஆச்சரியக்குறியைத் தட்டி மறுபடி கணக்குப் போடச் சொல்ல வேண்டும். ஆனால் பூஜ்யத்தால் வகுத்தால், அந்தக் கட்டத்திலேயே ‘எரர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு மானத்தை வாங்கும். அதை நம்பியிருந்த கட்டங்களிலும் எரர். பக்கம் முழுக்க எரர். முதலாளி எட்டிப் பார்த்தாலே போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதே வருடம் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் என்ற ஆய்வுக்கூடம். நார்வேயிலிருந்து டிரிக்வே ரீன்ஸ்காக் விருந்தாளியாக வந்திருந்தார். அவருடைய கவலை கப்பல் கட்டும் தளத்தின் வேலைத்திட்டம். ஒரே திட்டத்தைப் பலர் பலவிதமாகப் பார்க்க வேண்டும், எல்லோரும் பார்ப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும். 1979 மே மாதம் ஒரு குறிப்பு எழுதி, திங்-மாடல்-வியூ-எடிட்டர் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரோடு விட்டிருந்தால் இன்று ஒருத்தரும் நேர்முகத் தேர்வில் அதைக் கேட்க மாட்டார்கள். டிசம்பரில் மனம் மாறி மாடல்-வியூ-கன்ட்ரோலர் என்று சுருக்கினார். எம்விசி பிறந்தது. அன்றிலிருந்து, அது என்ன என்பதைப் பற்றி எந்த இரண்டு புரோகிராமரும் ஒத்துப்போனதில்லை.

பார்க்கில் உருவான ஸ்மால்டாக் மொழியில் ஏற்பாடு இப்படி. மாடல் “நான் மாறிவிட்டேன்” என்று அறிவிக்கும். அதை நம்பிப் பிழைக்கும் வியூக்கள் எல்லாம் “அப்டேட்” என்ற செய்தியைக் கேட்டுத் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். எந்தப் பொருளும் பிறருக்கு ஆதரவாக இருக்கலாம். யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பொதுவான ஓர் அகராதி வைத்திருக்கும். பட்டியலிலிருந்து பெயரை வெட்ட மறந்தால் அந்தப் பொருளுக்குச் சாவே கிடையாது. ஜன்னலை மூடிய பிறகும் ஆவியாக நினைவகத்தில் அலைந்துகொண்டிருக்கும். நினைவகக் கசிவு என்ற வியாதியும் பைண்டிங்கும் ஒரே பிரசவ அறையில் பிறந்தவை. இதை வரலாற்று ஆசிரியர்கள் நாசூக்காகத் தாண்டிப் போவார்கள்.

பெரிய மனிதர்களின் ஆய்வுக்கூடத்திலிருந்து விஷயம் தெருவுக்கு வந்தது 1993-ல். விஷுவல் பேசிக் 3. அதில் டேட்டா கன்ட்ரோல் என்று ஒரு வஸ்து. முதல், முந்தைய, அடுத்த, கடைசி என்று நான்கு பொத்தான். ஃபார்மில் அதைப் போட்டு, டேட்டாபேஸ் பெயரைக் கொடுத்து, பக்கத்தில் டெக்ஸ்ட்பாக்ஸ் போட்டு, எந்தப் புலம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு வரி கோடு கிடையாது. அரைமணி நேரத்தில் ஒரு மருந்துக்கடை மென்பொருளே தயார் என்று மார்தட்டினார்கள். டெமோவில் கைதட்டலும் கிடைத்தது.

கடைக்காரர் வாங்கிப் போய் உபயோகிக்கத் தொடங்கியதும் நிஜம் வெளிவந்தது. ஒரு பதிவில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அடுத்த பதிவுக்குப் போனால், போகிற போக்கில் அதைச் சேமித்துவிட்டுத்தான் டேட்டா கன்ட்ரோல் நகரும். கேட்காமலே செய்கிற உபகாரம். அட்டவணை காலியாக இருந்தால் 3021, நடப்புப் பதிவு இல்லை என்று ஒரு பெட்டி எகிறும். காலிப் புலத்தை எடுத்து ஸ்ட்ரிங் மாறியில் போட்டால் 94, ‘நல்’ மதிப்பைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டாய் என்று இன்னொரு பெட்டி. இரண்டையும் பிடிக்க ஆளில்லாவிட்டால் நிரலே படுத்துவிடும். பெரியவர்கள், “பவுண்ட் கன்ட்ரோல் எல்லாம் குழந்தைகளுக்கு, நாங்கள் கையால்தான் எழுதுவோம்” என்று தாடியைத் தடவினார்கள். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விபி தோற்றால் ஊரைக் கூட்டித் தோற்கும். எண் கொடுக்கும். எந்த வரி என்றும் காட்டும். 3021-ஐ இன்றும் தூக்கத்தில் சொல்லக்கூடிய ஒரு தலைமுறை இருக்கிறது.

1995-ல் டெல்ஃபி வந்து, வடிவமைக்கும்போதே நிஜத் தரவைப் பெட்டியில் காட்டியது. ஆக்டிவ் என்பதை ட்ரூ ஆக்க வேண்டியதுதான். ஆக்க மறந்தவர்களுக்கு, மூடிய டேட்டாசெட்டில் இந்த வேலை ஆகாது என்று ஒரு வசனம் வந்துவிழும். கத்துகிற பரம்பரை இதோடு ஏறக்குறைய முடிகிறது.

2002-ல் டாட்நெட்டோடு விண்டோஸ் ஃபார்ம்ஸ். இதில் பைண்டிங்கின் நாகரிகம் விசித்திரமானது. உங்கள் ப்ராப்பர்ட்டியின் பெயர் நேம் என்றால், நேம்சேஞ்ச்ட் என்ற பெயரில் ஓர் ஈவென்ட் இருக்கிறதா என்று அது பெயரை வைத்தே தேடும். இருந்தால் மாற்றத்தைக் கவனிக்கும். எழுத்து ஒன்று பிசகினால் கவனிக்காது. ஏன் கவனிக்கவில்லை என்றும் சொல்லாது. மௌனம் இங்கே தொடங்குகிறது. இன்னொரு கூத்தும் உண்டு. எண்ணை எதிர்பார்க்கும் பெட்டியில் ‘பத்து’ என்று எழுத்தால் தட்டிவிட்டு டேப் அடித்தால், கர்சர் நகராது. வேறு பெட்டியை க்ளிக் செய்தாலும் நகராது. ஃபார்மை மூடவும் விடாது. என்ன தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ஆளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடும். டேட்டா என்ட்ரி செய்தவர்கள் கடைசியில் மின்சாரத்தை அணைத்துத்தான் விடுதலை பெற்றார்கள். 2005-ல் பைண்டிங்சோர்ஸ், ஐநோட்டிஃபைப்ராப்பர்ட்டிசேஞ்ச்ட் என்று கொஞ்சம் மருந்து வந்தது.

அதே காலத்தில் ஆப்பிள்காரர்கள் 2003-ல் கோகோ பைண்டிங்ஸ் என்று விட்டார்கள். சாவியின் பெயரைத் தப்பாக எழுதினால், இந்த கிளாஸ் அந்தச் சாவிக்கு ஒத்துவராது என்று விதிவிலக்கு எறியும். நாகரிகமானவர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கே கத்தத் தெரிந்திருந்தது.

இப்போது கதாநாயகன் மேடைக்கு வருகிறார். 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த மாநாட்டில், மைக்ரோசாஃப்ட் அவலான் என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. லாங்ஹார்ன் என்ற வருங்கால விண்டோஸின் கண், மூக்கு, வாய் எல்லாம் இதுதான் என்றார்கள். லாங்ஹார்ன் வழியிலேயே தடுக்கி விழுந்து, தூசி தட்டிக்கொண்டு விஸ்டாவாக எழுந்தது தனிக்கதை. அவலான் 2006 நவம்பரில் டாட்நெட் 3.0-ஓடு டபிள்யூபிஎஃப் என்ற பெயரில் வந்தது. திரையை ஸாமல் என்ற மொழியில் எழுத வேண்டும். பைண்டிங்கை மேற்கோள்குறிக்குள் ஒரு ஸ்ட்ரிங்காக எழுத வேண்டும். இதற்கு முந்தின வருடமே ஜான் காஸ்மன் எம்விவிஎம் என்ற சாஸ்திரத்தை எழுதி வைத்துவிட்டார்: வியூ, அதற்குக் கீழே வியூமாடல், இரண்டுக்கும் நடுவில் பைண்டிங் மட்டும். எளிய திரைகளுக்கு இது அதிகப்படி என்று பிறகு அவரே எழுதினார். ஒரே ஒரு பொத்தான் வைத்த திரைக்கு ஏழு கிளாஸ் எழுதிய பக்தகோடிகள் அந்தப் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை.

ஸ்ட்ரிங் என்பதுதான் விஷயத்தின் வேர். கம்பைலர் அதைப் பார்க்காது. நேம் என்பதற்கு நெய்ம் என்று எழுதினாலும் பில்ட் வெற்றி. நிரல் ஓடும். பெட்டி காலி. எரர் பெட்டி இல்லை, விதிவிலக்கு இல்லை, ஒரு ‘பீப்’ கூட இல்லை. மணமேடையில் பெண் வந்து உட்காராவிட்டாலும் மந்திரத்தை நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டு, ‘பெண் வரவில்லை’ என்று தன் குறிப்பேட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு போகிற புரோகிதர் டபிள்யூபிஎஃப். அந்தக் குறிப்பேடுதான் விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் ஜன்னல். டீபக்கரோடு ஓட்டினால்தான் அதிலும் எழுதும். ஏற்றப்பட்ட டிஎல்எல்களின் பெயர் நூறு வரி ஓடும். அதற்கு நடுவே டேட்டா எரர் 40 என்று ஒரே நீளமான வரி. எந்தப் பாதை, எந்தப் பொருளில் தேடியது, எந்தப் பெட்டியின் எந்த ப்ராப்பர்ட்டி, எல்லா விவரமும் அதில் இருக்கும். சாட்சியம் முழுக்க இருக்கிறது, கோர்ட்டுக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஏன் இந்த மௌனவிரதம்? காரணம் இல்லாமல் இல்லை. திரை உருவாகிற அந்தக் கணத்தில் தரவு இன்னும் வந்திருக்காது. ஒவ்வொரு பெட்டியும் அப்போது வெறுமையைத்தான் பார்க்கும். அதற்கெல்லாம் கத்தினால் நிரல் திறப்பதற்குள் செத்துவிடும். ஆகவே பொருளே இல்லை என்றால் வாயைத் திறக்காதே, பொருள் இருந்து ப்ராப்பர்ட்டி இல்லை என்றால் மட்டும் குறிப்பேட்டில் எழுது என்று விதி செய்தார்கள். விளைவு: டேட்டாகான்டெக்ஸ்ட் வைக்கவே மறந்துபோன ஆளுக்கு அந்த 40 கூடக் கிடைக்காது. சின்னத் தப்புக்கு ஒரு வரி, பெரிய தப்புக்குப் பூரண அமைதி.

டேட்டாகான்டெக்ஸ்ட் வம்சாவளியாக இறங்கும். டெக்ஸ்ட்பாக்ஸ் தன் தரவைக் கேட்டால் கிரிட்டைப் பார்க்கும், கிரிட் ஜன்னலைப் பார்க்கும். “தாத்தா, உங்ககிட்ட இருக்கா?” “இருக்குடா, எடுத்துக்கோ.” பரம்பரைச் சொத்து. ஆனால் டேட்டாகிரிட்டின் பத்தி இருக்கிறதே, அது இந்தக் குடும்ப மரத்திலேயே கிடையாது. கண்ணெதிரே கிரிட்டுக்குள் அமர்ந்திருக்கும். ரேஷன் கார்டில் பெயர் இருக்காது. அதற்கு வருவது எரர் 2: உன்னை ஆளும் எலிமென்ட் யாரென்றே தெரியவில்லை. இதைச் சமாளிக்க ஃப்ரீஸபிள் என்ற, முற்றிலும் வேறு காரியத்துக்குப் படைக்கப்பட்ட கிளாஸிலிருந்து ஒரு வாரிசை உண்டாக்கி, ரிசோர்ஸில் ஒளித்துவைத்து, அதன் வழியாகத் தரவைக் கடத்துவார்கள். இதுதான் இன்றுவரை ஊரறிந்த வைத்தியம்.

இன்னும் சில சில்லறைத் திருட்டுகள். பப்ளிக் ஃபீல்ட் என்று அறிவித்த மாறியை டபிள்யூபிஎஃப் கண்ணெடுத்தும் பார்க்காது. கெட், செட் போட்டு ப்ராப்பர்ட்டி ஆக்கினால்தான் மரியாதை. லிஸ்ட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் திரைக்குத் தெரியாது, அப்சர்வபிள்கலெக்‌ஷன் வேண்டும். அதையும் பின்னணித் த்ரெட்டிலிருந்து தொட்டால், பல வருட மௌனத்தைக் கலைத்துக்கொண்டு விதிவிலக்கு எறியும். ஒருவழி பைண்டிங் உள்ள பெட்டிக்குக் கோடில் நேரடியாக மதிப்பு வைத்தால், முடிச்சு சத்தமில்லாமல் அவிழ்ந்துவிடும். ஒருமுறை சரியாக வேலை செய்து, அப்புறம் எப்போதும் செய்யாது. மாறிவிட்டேன் என்று அறிவிக்கும்போது ப்ராப்பர்ட்டியின் பெயரையும் ஸ்ட்ரிங்காகத்தான் கொடுக்க வேண்டும். அதிலும் எழுத்துப்பிழை செய்யலாம், அதற்கும் கேள்வி கிடையாது. இந்தக் கடைசி வியாதிக்கு 2012-ல் காலர்மெம்பர்நேம், 2015-ல் நேம்ஆஃப் என்று சி ஷார்ப்பில் மருந்து வந்தது.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் மாட்டுவது தேதியில். கணினியின் வட்டாரம் இந்தியா என்றே இருக்கும். ஆனால் டபிள்யூபிஎஃப் பைண்டிங் அதைப் பார்ப்பதில்லை. வேறு சொல்லாதவரை எல்லோரையும் அமெரிக்கர் என்றே நினைத்துக்கொள்ளும். மார்ச் 5 என்பது 3/5 என்று வரும், பார்ப்பவர் மே 3 என்று படிப்பார். 13-ஆம் தேதி வந்தால்தான் சந்தேகம் எழும். அதற்குள் பன்னிரண்டு நாள் கணக்கு போயிருக்கும். தொடக்கத்திலேயே லாங்குவேஜ் ப்ராப்பர்ட்டியின் இயல்பு மதிப்பை நடப்புக் கல்ச்சருக்கு மாற்றும் ஒரு வரிதான் பரிகாரம். அந்த ஒரு வரியை ஒவ்வொரு புது ப்ராஜெக்டிலும் மறக்காமல் மறப்பது மரபு.

தந்திரத்தில் உச்சம், கடைசிப் பெட்டி. டெக்ஸ்ட்பாக்ஸ் தன்னிடம் தட்டியதை, ஃபோகஸ் போகும்போதுதான் மதிப்புக்கு அனுப்பும். டூல்பாருக்கோ தனி ஃபோகஸ் ராஜ்யம். கடைசிப் பெட்டியில் தொகையைத் தட்டிவிட்டு டூல்பாரில் இருக்கும் சேமி பொத்தானை அழுத்தினால், ஃபோகஸ் போனதாகவே பெட்டி நினைக்காது. சேமித்தாகிவிட்டது என்று செய்தி வரும். பழைய தொகைதான் சேமிக்கப்பட்டிருக்கும். சோதித்துப் பார்க்கும் புரோகிராமர் பழக்கதோஷத்தில் டேப் அடித்துவிட்டு அழுத்துவார். அவருக்கு மட்டும் எப்போதும் சரியாக வரும். “என் மிஷின்ல வேலை செய்யுதே” என்ற அமர வாக்கியத்துக்கு இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் கிடையாது.

இந்த ஊமையைப் பேசவைக்க ஊரார் கண்ட வழிகள் பல. எதுவுமே செய்யாமல் வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் ஒரு கன்வெர்ட்டரை எழுதி, பைண்டிங்கின் நடுவில் சொருகி, அதில் பிரேக்பாயின்ட் வைப்பார்கள். நின்றால் தரவு வருகிறது, நிற்காவிட்டால் கட்டவே இல்லை. டாட்நெட் 3.5-ல் டிரேஸ்லெவலை ஹை என்று வைக்க வழி வந்தது. வைத்தால், அந்த ஒரு பைண்டிங் மட்டும் தன் சுயசரிதையை முழுக்கச் சொல்லும்: எங்கே தேடினேன், என்ன கிடைத்தது, எதை மாற்றினேன், எதை வைத்தேன். பீட் புளோயிஸ் எழுதிய ஸ்னூப், ஓடுகிற நிரலுக்குள் புகுந்து, ஒவ்வொரு எலிமென்ட்டின் டேட்டாகான்டெக்ஸ்ட் எது என்று பிரித்துக் காட்டும். என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றிலும் முரட்டு வைத்தியமே உத்தமம்: டேட்டாபைண்டிங்சோர்ஸுக்கு ஒரு டிரேஸ் லிஸனரை மாட்டி, எரர் வந்தால் விதிவிலக்கு எறியச் சொல்வது. விபி 3 பத்து பைசா வாங்காமல் செய்ததை, பத்து வரி எழுதித் திரும்ப வாங்குகிறோம்.

மைக்ரோசாஃப்டும் மனம் இரங்கியது. ஸாமல் பைண்டிங் தோல்விகளைத் தனிப் பட்டியலாகக் காட்டும் ஜன்னல் விஷுவல் ஸ்டுடியோ 2019-க்கு 2020-ல் வந்தது. டபிள்யூபிஎஃப் வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. நடுவில் அதன் தம்பி சில்வர்லைட் பிறந்து, சந்தையை விட்டே போகத் தொடங்கியிருந்தது.

அதற்கு முன்பே, விண்டோஸ் 10-ஓடு 2015-ல், எக்ஸ்:பைண்ட் என்று ஒன்று வந்திருந்தது. இதில் பாதையைக் கம்பைலரே சரிபார்க்கும். நெய்ம் என்று எழுதினால் பில்டே ஆகாது. ஐம்பது வருட வழக்கு முடிந்தது என்று பலர் பட்டாசு வாங்கினார்கள். பழைய பைண்டிங்கைப் பிரித்துவிட்டு இதை வைத்தார்கள். திரை திறந்ததும் பெயர் வந்தது. பெயரை மாற்றினால் திரை மாறவில்லை. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. காரணம், பழையது இயல்பாகவே மாற்றங்களைக் கவனிக்கும். புதியதின் இயல்பு ஒன்டைம், அதாவது ஒருமுறை பார்த்தால் போதும் என்பது. வேகத்துக்காகத்தான் அப்படி வைத்தார்கள். டபிள்யூபிஎஃப்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் எக்ஸ்:பைண்டே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

மற்றவர்கள் எக்ஸ்:பைண்ட் எழுதும் ஒவ்வொரு இடத்திலும், மோட் என்று போட்டு ஒன்வே என்று கையால் எழுதிவிடுங்கள்.